பவுமாவைக் 'கோட்டா' என்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் பதினொரு பேர் பட்டியல் வெளியானதும், 'இதில் யார் யாரெல்லாம் கோட்டா?' என்று விரல்விட்டு எண்ணும் கிரிக்கெட் ரசிகத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



2025 நவம்பரில் குவாஹாட்டி டெஸ்டில் செனுரன் முத்துசாமி 109 ரன் அடித்தபோது உங்களில் பலருக்கு உச்சி குளிர்ந்துபோனது எனக்குத் தெரியும். டர்பனில் பிறந்தவர், பூர்விகம் நாகப்பட்டினம் பக்கம். நம் பௌலர்களை நம் ஊர்ப் பெயர் கொண்ட ஒருவர் வெளுத்து வாங்கியதில் வருத்தத்தைவிடப் பெருமைதான் கூடுதலாக இருந்தது. இருக்கட்டும், எனக்கும்தான். ஆனால் அதே அணியின் கேப்டன் டெம்பா பவுமாவைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் உங்கள் தொனி மாறிவிடுகிறது. 'அவர் திறமையில் வந்தவரா, கோட்டாவில் வந்தவர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறீர்கள். தென்னாப்பிரிக்க வாரியத்தின் கணக்கில் முத்துசாமியும் பவுமாவும் ஒரே பட்டியலில்தான் வருகிறார்கள். வெள்ளையர் அல்லாத வீரர்கள் என்ற பட்டியல் அது. 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாக டர்பனுக்குப் போனவர்களின் வழித்தோன்றல்களும், கேப் டவுனின் கலப்பினத்தவரும், கறுப்பினத்தவரும் எல்லாரும் அதில்தான். ஒரே வரிசையில் நிற்கும் இருவரில் ஒருவர் 'நம்ம பையன்', இன்னொருவர் 'கோட்டா' என்றால் அளவுகோல் எங்கேயோ பிசகியிருக்கிறது.

முதலில் அந்த விதி என்னதான் சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 2016-இல் தென்னாப்பிரிக்க வாரியம் வெளிப்படையாக ஓர் இலக்கு வைத்தது. ஓர் ஆண்டில் ஆடும் எல்லா ஆட்டங்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், பதினொரு பேரில் குறைந்தது ஆறு பேர் வெள்ளையர் அல்லாதவராக இருக்க வேண்டும், அவர்களில் குறைந்தது இருவர் கறுப்பின ஆப்பிரிக்கர். அவ்வளவுதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டாயம் இல்லை. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் கறுப்பினத்தவர் 81 விழுக்காட்டுக்கு மேல், வெள்ளையர் 7 விழுக்காடு சொச்சம். நூற்றில் எண்பது பேருக்கு மேல் உள்ள மக்களுக்குப் பதினொன்றில் இரண்டு இடம், நூற்றில் ஏழு பேருக்கு ஐந்து இடம் வரை தாராளம். 2025 ஜூனில் லார்ட்ஸில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் இறங்கிய அணியை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்ரம், ரிக்கெல்டன், முல்டர், ஸ்டப்ஸ், பெடிங்ஹாம், வெரைன், யான்சன் என்று ஏழு பேர் வெள்ளையர். பவுமா, ரபாடா, இங்கிடி, மகராஜ் என்று நான்கு பேர் மற்றவர்கள். இதைக் 'கோட்டா அணி' என்று சொல்ல எந்தக் கணிதத்தில் இடம் இருக்கிறது?

கோட்டா என்று ஒன்று உண்மையிலேயே அந்த நாட்டில் இருந்தது. அது 1889-இல் போர்ட் எலிசபெத்தில் தென்னாப்பிரிக்காவின் முதல் டெஸ்டோடு தொடங்கி 1970 வரை நடந்தது. பதினொன்றுக்குப் பதினொன்று, நூற்றுக்கு நூறு வெள்ளையருக்கே. (சார்லி லெவலின் என்ற ஒருவரின் தாய்வழி பற்றி மட்டும் வரலாற்றாளர்களிடையே ஒரு வழக்கு உண்டு.) அந்த எண்பது ஆண்டுகளில் அவர்கள் ஆடியவை 172 டெஸ்டுகள். எதிரணிகள் மூன்றே மூன்று: இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. இந்தியாவோடோ பாகிஸ்தானோடோ வெஸ்ட் இண்டீஸோடோ ஒரு பந்துகூட வீசவில்லை. சோபர்ஸும் ஹாலும் கிரிஃபித்தும் உச்சத்தில் இருந்த காலத்தில் அவர்களை எதிர்கொள்ளாமலே 'உலகின் சிறந்த அணி' என்று பட்டம் சூடிக்கொண்டார்கள். பாரி ரிச்சர்ட்ஸ், கிரேம் பொல்லாக், மைக் புராக்டர் எல்லாரும் மகா ஆட்டக்காரர்கள்தான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. 1970-இல் டர்பனில் பொல்லாக் அடித்த 274-ஐ யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர்களோடு போட்டி போட்டிருக்க வேண்டியவர்களை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்த தேர்வு அது.

வேலிக்கு வெளியே யாரும் இல்லை, அவர்களுக்குக் கிரிக்கெட் மரபே கிடையாது என்று ஒரு கட்டுக்கதை உண்டு. உங்களில் சிலரும் அதை நம்புகிறீர்கள். கிழக்குக் கேப் பகுதியில் பாதிரியார்கள் நடத்திய பள்ளிகளில் கறுப்பின மாணவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே மட்டை பிடித்துவிட்டார்கள். 1884-இல் கிங் வில்லியம்ஸ் டவுனில் ஜான் டெங்கோ ஜபாவு 'இம்வோ' என்ற கோசா மொழிப் பத்திரிகையைத் தொடங்கியபோது, உள்ளூர்க் கறுப்பின அணிகளின் ஆட்டச் செய்திகள் அதில் வந்தன. இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932-இல். அதற்குக் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுக்கு முன்பே அங்கே கறுப்பின மக்கள் ஸ்கோர் பார்த்துக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

கேப் டவுனில் கிரோம் ஹென்ட்ரிக்ஸ் என்ற வேகப்பந்து வீச்சாளர் இருந்தார். 1892-இல் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராக கேப் மலாய் சமூகத்தின் அணிக்காக வீசி, வந்தவர்களையே மூக்கில் விரல் வைக்கச் செய்தவர். 1894-இல் இங்கிலாந்துக்குப் போகும் முதல் தென்னாப்பிரிக்க அணியில் அவர் பெயர் அடிபட்டது. கேப் காலனியின் பிரதமர் செசில் ரோட்ஸும் அவருக்கு வேண்டியவர்களும் அதை வெட்டினார்கள். இன ஒதுக்கல் சட்டமாக வந்தது 1948-க்குப் பிறகுதான் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். கிரிக்கெட்டில் அதற்குச் சட்டம் தேவைப்படவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்த நாலு பேரின் தலையசைப்பு போதுமானதாக இருந்தது.

பிறகு பேசில் டி ஒலிவேரா. இவர் கதையைக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'தகுதி' என்ற பேச்சு எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கேப் டவுனின் சிக்னல் ஹில் சரிவில் கலப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். தெருவிலும் கரடுமுரடான பொதுத் திடலிலும் பாய்விரித்த பிட்ச்சிலும் ஆடி வளர்ந்தவர். வெள்ளையர் அல்லாதோர் வாரியத்தின் அணிக்குக் கேப்டனாக இருந்து, கென்யா வரை போய் வென்று வந்தவர். அதற்கு மேல் அந்த நாட்டில் அவருக்கு ஏற ஒரு படி கிடையாது. இங்கிலாந்தின் கிரிக்கெட் வர்ணனையாளர் ஜான் ஆர்லட்டுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார், எங்காவது ஒரு கிளப்பில் இடம் வாங்கித் தர முடியுமா என்று. 1960-இல் லங்காஷயரில் மிடில்டன் என்ற கிளப் ஒரு பருவத்துக்கு 450 பவுன் தருவதாகச் சொன்னது. போய்ச் சேரக் கையில் பணம் இல்லை. அக்கம்பக்கத்தார் காட்சி ஆட்டங்கள் நடத்தி நன்கொடை திரட்டி வழியனுப்பினார்கள். அப்போது அவருக்கு 28 வயது. வயதைக் குறைத்துச் சொல்லிக்கொண்டார். உள்ளதைச் சொல்லியிருந்தால் எவரும் வாய்ப்புத் தந்திருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். 1966-இல் இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடினார். அப்போது 34 முடிந்திருந்தது. வேறு எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் ஓர் ஆட்டக்காரரின் சிறந்த ஆண்டுகள் கழிந்திருக்கும் வயது.

1968 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 அடித்தார். ராஜர் பிரிடோ என்பவர் விலகியதால் கிடைத்த வாய்ப்பு அது. கடைசி நாளில் மழை வெள்ளத்தை ரசிகர்களே இறங்கித் துடைத்தெடுத்து, ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது நெடுநேரம் மறித்து நின்ற ஜார்மனை வீழ்த்தி வெற்றிக்கு வழி திறந்தவரும் அவரே. அந்த டெஸ்ட் முடிந்த மறுநாள், ஆகஸ்ட் 28 அன்று, அந்தக் குளிர்காலத்தில் தென்னாப்பிரிக்கா செல்லவிருந்த இங்கிலாந்து அணியின் பட்டியல் வெளியானது. டி ஒலிவேரா பெயர் இல்லை. தேர்வாளர்கள் என்ன சொன்னார்கள்? அரசியல் எதுவும் இல்லை, கிரிக்கெட் காரணம்தான், அவரைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள் என்றார்கள். 158 அடித்த கை இன்னும் ஆறவில்லை! செப்டம்பர் 16 அன்று டாம் கார்ட்ரைட் காயத்தால் விலக, வேறு வழியின்றி டி ஒலிவேரா பெயரைச் சேர்த்தார்கள். மறுநாளே தென்னாப்பிரிக்கப் பிரதமர் யோன் ஃபோர்ஸ்டர் ப்ளூம்ஃபொன்டைனில் மேடையேறி, இது கிரிக்கெட் அணி அல்ல, இன ஒதுக்கலை எதிர்க்கும் இயக்கத்தின் அணி என்று முழங்கினார். ஒரு வாரத்தில் பயணம் ரத்து. இரண்டே ஆண்டுகளில் தென்னாப்பிரிக்கா டெஸ்ட் உலகத்துக்கு வெளியே போய்விட்டது. இன்று இரு நாடுகளும் ஆடும் டெஸ்ட் தொடரின் கோப்பைக்கு டி ஒலிவேரா பெயர்.

அந்த நாட்டு வெள்ளை ஆட்டக்காரர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் அநியாயம். 1971 ஏப்ரலில் நியூலாண்ட்ஸில் ஓர் ஆட்டத்தில் புராக்டர் முதல் பந்தை வீசினார், ரிச்சர்ட்ஸ் அதை ஆடினார், உடனே எல்லாரும் மைதானத்தைவிட்டு வெளியேறினார்கள். நிறம் பார்க்காமல் தகுதி பார்த்து அணியைத் தேர்ந்தெடுங்கள் என்று அறிக்கை கொடுத்தார்கள். அதே 'தகுதி' என்ற வாதம் இந்த முறை கதவைத் திறக்கச் சொன்னது. அரசாங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நம் பக்கமும் ஒரு விலை கொடுக்கப்பட்டது. 1974 டேவிஸ் கோப்பை இறுதியாட்டத்துக்கு இந்தியா தகுதி பெற்றது. எதிரே தென்னாப்பிரிக்கா. சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் நல்ல ஆட்டத்தில் இருந்த வருஷம். இன ஒதுக்கல் நாட்டோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியது, கோப்பை ஒரு பந்துகூடப் படாமல் அவர்களுக்குப் போனது. இன்றுவரை இந்தியா அந்தக் கோப்பையை வென்றதில்லை. இலங்கையிலிருந்து 1982-இல் பந்துல வர்ணபுர தலைமையில் ஓர் அணி பணத்துக்காகத் தடையை மீறிப் போனது, ஆளுக்கு 25 ஆண்டு தடை வாங்கியது. அடுத்த ஆண்டு வெஸ்ட் இண்டீஸிலிருந்து போன கறுப்பின வீரர்களுக்கு 'வெள்ளையருக்குச் சமமான கௌரவம்' தருவதாகப் பேசினார்கள். கொலின் கிராஃப்ட் வெள்ளையர் ரயில் பெட்டியில் உட்கார்ந்தபோது அவரை எழுப்பி விரட்டியதில் அந்தக் கௌரவத்தின் லட்சணம் தெரிந்தது.

1991 நவம்பரில் ஈடன் கார்டன்ஸில் தென்னாப்பிரிக்கா சர்வதேசக் கிரிக்கெட்டுக்குத் திரும்பி வந்தபோதும் ஆடிய பதினொரு பேரும் வெள்ளையர்தான். நாம் எல்லாரும் மகிழ்ந்து கை தட்டினோம், யாரும் கோட்டா என்று சொல்லவில்லை. அடுத்த ஆண்டு டர்பனில் இந்தியாவுக்கு எதிராக ஒமர் ஹென்றி என்ற கலப்பினச் சுழற்பந்து வீச்சாளர் அறிமுகமானார், தமது 40-ஆவது வயதில்.

முதல் கறுப்பின ஆப்பிரிக்க டெஸ்ட் வீரர் மகாயா நிட்டினி வருவதற்கு 1998 ஆகிவிட்டது. பிறந்தது கிங் வில்லியம்ஸ் டவுன் அருகே ம்டிங்கி என்ற கிராமம், ஜபாவுவின் பத்திரிகை ஸ்கோர் அச்சிட்ட அதே வட்டாரம். மாடு மேய்த்த பையன். 101 டெஸ்டுகளில் 390 விக்கெட். 2003-இல் லார்ட்ஸில் ஒரே டெஸ்டில் பத்து விக்கெட் எடுத்த முதல் தென்னாப்பிரிக்கர். இப்படிப்பட்டவர் 2020-இல் ஒரு பேட்டியில் சொன்னதை நீங்கள் அவசியம் தேடிப் பார்க்க வேண்டும். அணிப் பேருந்தில் அவர் பின்னால் உட்கார்ந்தால் மற்றவர்கள் முன்னால் போய்விடுவார்களாம். இரவுச் சாப்பாட்டுக்குப் போகும்போது அவர் அறைக் கதவைத் தட்டி யாரும் கூப்பிட மாட்டார்களாம். அதனால் கைப்பையை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு ஓட்டலிலிருந்து மைதானத்துக்கு ஓடியே போவார், ஆட்டம் முடிந்து ஓடியே திரும்புவார். 'என்ன உடம்பு, என்ன பயிற்சி!' என்று வர்ணனையாளர்கள் வியந்தார்கள். நாமும் வியந்தோம். அந்தப் பேட்டிக்கு அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட்டில் இனப் பாகுபாடு பற்றி நடந்த விசாரணையில், அணி வெற்றிப் பாட்டில் தன்னை நிறத்தோடு மலத்தைச் சேர்த்து அழைத்ததாகப் பால் ஆடம்ஸ் சொன்னார். கோழிக்கூட்டுக்குள் தலையை விட்டதுபோல் உடம்பை முறுக்கி வீசுவாரே, நாம் தெருவில் செய்து காட்டிச் சிரித்தோமே, அந்த ஆடம்ஸ்தான்.

சரி, இந்த இலக்கு முறையால் யாருக்கும் தீங்கே நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. 2002 ஜனவரியில் சிட்னி டெஸ்டுக்கு ஜாக் ருடால்ஃபைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வாரியத் தலைவர் பெர்சி சோன் குறுக்கிட்டு ஜஸ்டின் ஓன்டாங்கை ஆட வைத்தார். ருடால்ஃபுக்கு இழப்பு, அதைவிட ஓன்டாங்குக்குக் கேடு. தன் முதல் டெஸ்டில் மட்டை பிடிக்கப் போகும் இளைஞனை நாடே 'இவன் அடுத்தவன் இடத்தில் நிற்கிறான்' என்று பார்த்தால் கால் எப்படி நகரும்? 2015 உலகக் கோப்பை அரையிறுதியில் நல்ல ஃபார்மில் இருந்த கைல் ஆபட்டை விட்டுவிட்டு, காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த வெர்னன் ஃபிலாண்டரை இறக்கியது இன்னும் ஆறாத புண். ஃபிலாண்டர் 22 ரன் சராசரியில் 224 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர். உலகத்தில் எந்த அணியிலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். அவரையும் அந்த ஒரு நாள் 'கோட்டா' ஆக்கிவிட்டது. மேலிடத்திலிருந்து கடைசி நேரத்தில் வரும் தொலைபேசி அழைப்பால் அணி அமைப்பது மூடத்தனம். இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் இந்த இரண்டு மூன்று சம்பவங்களை வைத்துக்கொண்டு பவுமாவை அளக்காதீர்கள். அவருடைய டி20 ஆட்டம் மெதுவானது, அதைத் திட்டுங்கள், தாராளமாக. 2016-இல் நியூலாண்ட்ஸில் முதல் சதம் அடித்துவிட்டு இரண்டாவதற்கு ஏழு ஆண்டு எடுத்துக்கொண்டார், அதையும் சொல்லுங்கள். அதே மூச்சில் 2025 லார்ட்ஸ் இறுதியாட்டத்தையும் சொல்லுங்கள். 282 இலக்கு, எதிரே கம்மின்ஸ், ஸ்டார்க், ஹேசல்வுட். தொடைத் தசை பிடித்து நொண்டிக்கொண்டே 66 ரன், மார்க்ரமோடு 147 ரன் கூட்டு. கொல்கத்தாவில் 2025 நவம்பரில் இரு அணியிலும் வேறு ஒருவரும் ஐம்பதைத் தொடாத பிட்ச்சில் அவர் மட்டும் ஆட்டமிழக்காமல் 55. நம் அணி 93-க்குச் சுருண்டதை நீங்களும் பார்த்தீர்கள். 2025 முடிய டெஸ்ட் கேப்டனாக அவர் ஒரு தோல்வியும் கண்டதில்லை.

'தகுதி போய்விடும்' என்ற புலம்பல் நமக்கு ஒன்றும் புதிதல்ல. வகுப்புவாரி ஆணை வந்த 1920-களிலிருந்து நம் தாத்தாக்கள் கேட்டுத் தழும்பேறிய பேச்சு. அந்த ஆணையின் பலனில் படித்த வீடுகளிலிருந்து வந்து டிவி முன் உட்கார்ந்து இன்னொரு நாட்டுக்காரரைக் கோட்டா என்பது எனக்குப் புரியவே இல்லை. சேப்பாக்கத்தில் வெள்ளையர் பெவிலியனில் சாப்பிட, இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் உட்கார வேண்டியிருந்த காலத்தில்தான் புச்சிபாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். புச்சிபாபு கோப்பை ஸ்கோர் பார்க்கிறீர்களே, அந்தப் பெயர். நிறம் இல்லாத இடத்தில் சாதி நின்றது. 1911-இல் இங்கிலாந்தில் நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்த பல்வங்கர் பாலுவுக்குப் புனேயில் பெவிலியனுக்கு வெளியே மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். கேப்டன் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை.

தென்னாப்பிரிக்க வாரியத்தைக் குறை சொல்லியே தீர வேண்டும் என்றால் அதற்கு வேறு நல்ல விஷயம் இருக்கிறது. நிட்டினி, ரபாடா, இங்கிடி மூவரும் பந்து வீச்சாளர்கள். தென்னாப்பிரிக்காவுக்காகக் கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் டெஸ்ட் சதம் அடிக்க 1889-இலிருந்து 127 ஆண்டு ஆனது. வேகமாக வீச நல்ல உடம்பும் ஓட ஓர் இடமும் இருந்தால் ஓரளவு தானே கற்றுக்கொள்ளலாம். மட்டையாளர் உருவாக வேண்டுமானால் சின்ன வயதிலிருந்து புல் பிட்ச் வேண்டும், வலை வேண்டும், ஆயிரக்கணக்கில் பந்து போட ஆள் வேண்டும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அளவு மாறும் பேடும் மட்டையும் வாங்கக் காசு வேண்டும். இவை எல்லாம் முன்பு வெள்ளையருக்கென்றே இருந்த பள்ளிகளில்தான் கிடைக்கின்றன. நிட்டினி டேல் கல்லூரியிலும், ரபாடா செயின்ட் ஸ்டித்தியன்ஸிலும், இங்கிடி ஹில்டனிலும், லாங்கா குடியிருப்பில் பிறந்த பவுமா கேப் டவுனிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் உள்ள பேர் பெற்ற பள்ளிகளிலும் படித்ததால் நம் கண்ணில் பட்டார்கள். அந்தப் பள்ளிகளின் வாசலைத் தாண்டாமல் நின்றுபோனவர்கள் எத்தனை பேரோ.

தேசிய அணியில் இத்தனை பேர் என்று எழுதிவைக்க வாரியத்துக்கு ஒரு பைசா செலவில்லை. லாங்காவிலும் ம்டிங்கியிலும் பத்துப் பிட்ச் போட்டுப் பராமரிக்கச் செலவு இருக்கிறது, பலன் வரப் பதினைந்து வருஷம் ஆகும், அதற்குள் தலைவர்கள் மாறிவிடுவார்கள். பவுமாவுக்கு 35 தாண்டிவிட்டது. அவருக்குப் பின் நான்காம் இடத்திலோ ஐந்தாம் இடத்திலோ நிற்கப்போகும் கறுப்பின மட்டையாளர் யார் என்று தேடினால் இன்னமும் அதே கட்டணப் பள்ளிகளின் பக்கம்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்காக அந்த வாரியத்தைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

அன்புடன்,
உங்களைப் போலவே தூக்கம் கெட்டு மேட்ச் பார்க்கும் ஒரு ரசிகன்